காலி வண்டி

மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கிற மாந்துறைப்பட்டியில், வண்டியில் போகும்போது செத்துப்போனவர்கள் வண்டியை விட்டு இறங்காமல் பின் சீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளத் தொடங்கியிருந்த காலத்தில், தவமணி என்கிற கிராமச் செவிலிக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தது.

முதலில் அப்படி உட்கார்ந்துகொண்டவர் பால்காரர் சுருளியாண்டி. ஐப்பசி மழையில் பாலத்து மேட்டில் வண்டி சறுக்கி அவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய வண்டியை எடுத்து ஓட்டிய மச்சினன், தெருமுனையைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து, பின்னாடி மாமா உக்காந்திருக்காரு என்றான். பயலுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றது ஊர். பிறகு ஆளாளுக்கு ஏறி ஓட்டிப் பார்த்தார்கள், ஏறியவர்கள் எல்லோர் முழங்காலிலும் பால் கேன் இடித்தது, எல்லோர் மூக்கிலும் பச்சைப் பால் வாடை அடித்தது, அதோடு ஊர் வாயை மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் நெடுஞ்சாலை ஆளை வாங்க வாங்கப் பின் சீட்டுகள் நிரம்பிக்கொண்டே வந்தன, ஊரும் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. காற்று பிடிக்கிற கடையில், பின்னாடி ஆள் உண்டாண்ணே என்று கேட்டு, உண்டு என்றால் பின் டயருக்குக் கொஞ்சம் கூட வைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் முன்பு அவன் வண்டியில் பின்னால் இருப்பது யார் என்று விசாரித்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த எஸ்.ஐ. ஒருவர், புருசனும் பெண்டாட்டியுமாகப் போன வண்டி மூன்று பேர் பாரத்தில் தணிந்து போவதைப் பார்த்து நிறுத்தினார், காரணத்தைக் கேட்டார், தானே ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி போங்க என்றார். செத்தவர்கள் பேசுவதில்லை, யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, கெடுதல் செய்வதுமில்லை, உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவர்கள் காரியம். யாரும் இறங்கியதில்லை. இறங்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை; செத்தவரிடம் போய் அதை எந்த வாயால் கேட்பது?

தவமணி நாற்பதை நெருங்கியவள், சைக்கிளைத் தவிர வேறெதையும் மிதித்தறியாதவள். மலைக்கு மேலே சிதறிக் கிடக்கிற குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வருவது அவள் வேலை. மண் சரிந்து மினிபஸ் நின்றுபோனதும் இரண்டு மாதம் கண்ட கண்ட ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனாள், ஒரு நாள் ஜீப் கிடைக்காமல் ஒரு பிரசவத்துக்குப் பிந்திப்போனாள், அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்றாலும் இவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. அந்த ஏற்றத்துக்கு ஸ்கூட்டர் தாங்காது, மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். லாரி ஹாரன் கேட்டாலே சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றுவிடுகிறவள் அவள். அவள் புருசன் ஜெகதீசன் தையல்காரர், அவளைவிடப் பயந்தவர், நிறுத்தி வைத்திருக்கிற வண்டியில்கூட ஏறி உட்கார மாட்டார். இவர்கள் இரண்டு பேரும்தான் ஒரு நாள் காலையில் கையைக் கோக்காத குறையாகச் சந்தியாகுவின் வண்டிக் கொட்டகைக்குப் போனார்கள்.

சந்தியாகு பழைய வண்டி வாங்கி விற்கிறவர், பெரிய தொந்தி, பொய் சொன்னால் காது சிவந்துவிடும், அதனாலேயே நாணயமாக வியாபாரம் செய்தவர்.

“இஞ்சினை நான் பாத்துக்கிறேன் நர்ஸம்மா. நீங்க பாக்க வேண்டியது பின்னாடி இருக்கிற ஆளை. புதுசா ஓட்டப் போறவங்களுக்கு அதுதான் முக்கியம்” என்று சொல்லி, தகரக் கூரையின் கீழே வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய வண்டி ஒன்றின் டேங்கைத் தட்டினார். “இது அரிசி மில்லுக்காரரு. தங்கமான மனுசன். ஆனா கனம். சாஞ்சா உங்களால நிமித்த முடியாது.” அடுத்ததைத் தொடாமலே தாண்டினார். “இது பாலிடெக்னிக் பய. இன்னும் வேகமாப் போ, இன்னும் வேகமாப் போன்னு முன்னாடி சாஞ்சுக்கிட்டே வருவான். உங்களுக்கு வேணாம்.” மூன்றாவதின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இவரு ஹெட்மாஸ்டரு. வேகம் நாப்பதைத் தாண்டினா தோள்ல தட்டுவாரு. பழகுறதுக்கு இவரை விட்டா ஆளில்ல. ஒண்ணே ஒண்ணு, பாலத்து மேட்டுல அழுவாரு. முதுகு நனைஞ்சிரும், பரவால்லைன்னா எடுத்துக்கங்க.”

தவமணி ஹெட்மாஸ்டரின் சீட்டில் கையை வைத்தாள். வெயில் படாத இடத்தில் நின்ற வண்டி, ஆனாலும் அப்போதுதான் ஒருவர் எழுந்து போனதுபோல இதமான சூடு இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். உயிர் பிரிந்த உடம்பை எத்தனையோ தடவை தொட்டவள்தான், ஆனால் அதெல்லாம் குளிர்ந்துகொண்டு போகிற உடம்பு. இந்தச் சூடு அவளுக்குத் தாளவில்லை.

“ஆளே இல்லாத வண்டி கிடைக்காதாண்ணே?” என்று கேட்டாள்.

சந்தியாகு கொட்டகையின் கடைசிக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். சிவப்பு வண்டி. பெயிண்ட் புதுசாக இருந்தது. “வெளியூர்ப் புரோக்கர் ஒருத்தன் மொத்தமாத் தள்ளி விட்டதுல வந்துச்சு. நானே ரெண்டு தெரு ஓட்டிப் பாத்துட்டேன். பின் ஸ்பிரிங் ஒரு இம்மி இறங்கல. காலி வண்டி.” அவர் காது சிவக்கவில்லை. ஜெகதீசன் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார், சீட்டில் உள்ளங்கையை வைத்தார், சில்லுன்னுதான் இருக்கு என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அப்படித்தான் அந்த வண்டி அவர்கள் வீட்டுக்கு வந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் சந்தியாகு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா, அது கிளட்ச்சு நர்ஸம்மா, ஊசி இல்ல என்று கத்தக் கத்த அவள் பழகினாள். விழுந்தாள், முட்டி பெயர்ந்தது, எழுந்தாள், மறுபடி விழுந்தாள். விழும்போது உண்டாகிற பயத்தைவிட விழப்போவதற்கு முன்பு உண்டாகிற பயம்தான் பெரிது என்று கண்டுகொண்டாள். ஆனால் கண்டுகொண்டதனால் அது குறையவில்லை. ஒரு திங்கட்கிழமை தடுப்பூசிப் பெட்டியை டேங்க்கின் மேல் கட்டிக்கொண்டு, குலசாமியை நினைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

முதல் வளைவு போனது, இரண்டாவது போனது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், ஏற்றம் செங்குத்தாகி, இஞ்சின் முக்கி, வண்டி பின்னுக்கு வழுக்குமோ என்று அவள் மூச்சைப் பிடித்த அந்த இடத்தில், அவளுடைய சுடிதாரின் இடுப்புத் துணியை இரண்டு சிறிய கைகள் கொத்தாகப் பிடித்தன.

அவள் கத்தவில்லை. கத்தினால் கை நடுங்கும், கை நடுங்கினால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்ததும் கைகள் விட்டன. அடுத்த வளைவில் மறுபடி பிடித்தன. மேலே போய்ச் சேர்ந்து வண்டியை நிறுத்தினாள். துணியைப் பார்த்தாள். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, கைப்பிடி அளவுக்குக் கசங்கியிருந்தது. அன்று குழந்தைகளுக்கு ஊசி போடும்போது ஒவ்வொரு குழந்தையின் கையையும் தேவைக்கு அதிகமாக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அந்தச் சுடிதாரை ஜெகதீசன் தையல் மேசையில் விரித்து, அழுந்தத் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிறவர். “ஒண்ணாப்பு, ரெண்டாப்பு படிக்கிற பிள்ளை” என்றார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். “பொம்பளைப் பிள்ளைன்னு நினைக்கிறேன்.”

மறுநாள் சந்தியாகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்க்கின் அடியில் நகத்தால் சுரண்டினார், சிவப்புக்குக் கீழே கறுப்பு இருந்தது. இரண்டு காதும் சிவந்துவிட்டன, இந்தத் தடவை அவமானத்தால். “சமதரையில ஓட்டிப் பாத்தேன் தாயி. பயமிருந்தாத்தான பிடிக்கும் பிள்ளை. ஸ்பிரிங்கும் காட்டிக் குடுக்கல, பஞ்சு மாதிரிக் கனம், சீட்டுல சூடு ஏறக்கூடக் காணாது. இதுவரைக்கும் நம்ம ஊர்ல குழந்தை எதுவும் இப்படி உக்காந்ததில்ல.” சட்டென்று கையைக் கூப்பினார். “நான் திருப்பி எடுத்துக்கிறேன். ஹெட்மாஸ்டரைக் கொண்டு போங்க.”

தவமணி சரி என்றுதான் சொல்ல வந்தாள். “திருப்பி எடுத்து யாருக்குக் குடுப்பீங்க?” என்று வாயில் வந்துவிட்டது.

சந்தியாகு கொட்டகையைப் பார்த்தார். வண்டி கேட்டுவந்து நின்ற இரண்டு இளவட்டங்கள் ஒரு வண்டியை முறுக்கி முறுக்கிப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். தவமணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த நாளிலிருந்து அவளுக்கு இரண்டு பயம். தான் விழுந்துவிடுவோம் என்கிற பயம் முன்னால் போயிற்று, பின்னால் இருக்கிற பிள்ளை விழுந்துவிடும் என்கிற பயம் அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. சைக்கிள்கள் அவளைத் தாண்டிப் போயின, விறகுக்கட்டு சுமந்த பெண்கள் தாண்டிப் போனார்கள். ஒரு காலை மேற்குத் தெரு வழியாக அவள் போனபோது, ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி கையில் தோசைக் கரண்டியோடு ஓடி வந்து தெரு நடுவில் நின்றாள். தவமணி பிரேக்கை அழுத்தி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள்.

அந்தப் பெண் தவமணியைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. தவமணியின் முதுகுக்குப் பின்னால், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள்.

“இந்தச் சத்தம்… இது எங்க வண்டி” என்றாள். “கறுப்பா இருந்துச்சு. தினமும் இந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுப்புல கல்லைப் போடுவேன். பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அவரு திரும்பி வர்ற சத்தம்.”

அவள் பெயர் ராமுத்தாய். வாழைக்காய் மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றுகிற மொக்கராசுவின் பெண்டாட்டி. அவர்களுடைய ஒரே மகள் தன்ஷிகா, பள்ளிக்குப் போகும்போது, டிப்பர் லாரி கொட்டிப்போன மணலில் வண்டி சறுக்கி, சாலையோரக் கல்லில் தலை பட்டுப் போய்விட்டாள். மொக்கராசுவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அந்தச் சிராய்ப்பு ஆறுவதற்குள், ஏறி உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று பயந்து, வண்டியில் ஏறாமலே, பக்கத்து ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் விற்றுவிட்டு நடந்தே திரும்பி வந்தான். அதற்கப்புறம் எந்த வண்டியிலும் அவன் ஏறவில்லை. அந்தக் கறுப்பு வண்டி எங்கேயோ தூரமாகப் போய்விட்டது என்றுதான் ஊரும் நினைத்திருந்தது.

“இருக்காளா?” என்று ராமுத்தாய் கேட்டாள்.

தவமணி தலையை ஆட்டினாள்.

“எந்தக் கையால பிடிக்கிறா?”

“ரெண்டு கையாலயும்.”

“இடது கை மேல ஏறி இருக்குமே. அப்படித்தான் பிடிப்பா.” அவள் கரண்டியைத் தெருவில் போட்டுவிட்டு, சீட்டின் மேல் கையைக் கொண்டுபோனாள். பாதி வழியில் நிறுத்தி, எடுத்துக்கொண்டாள். தொட்டால் ஒன்றும் இருக்காதோ என்கிற பயமா, இருக்குமோ என்கிற பயமா என்று தவமணியால் சொல்ல முடியவில்லை. “மலையில குளிருமே நர்ஸம்மா” என்று மட்டும் சொன்னாள்.

அது ஊர் முழுக்கப் பரவிற்று, ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ராமுத்தாய் தினமும் காலையில் வந்து பின் சீட்டுக் கம்பியில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டரைக் கட்டிவிடுவாள், சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு போவாள். டீக்கடை முன்னால் நிற்கிறவர்கள் அந்த வண்டி போகும்போது சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். சத்துணவுக்கூடத்து அம்மாள் ஒரு நாள் ஓடி வந்து சீட்டில் அவித்த முட்டையை வைத்தாள். மொக்கராசு மட்டும் சிவப்பு வண்டி வருகிற சத்தம் கேட்டாலே சந்துக்குள் திரும்பிவிடுவான், அங்கே சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு அது போய் முடிகிறவரை நிற்பான்.

கார்த்திகை பிறந்து மழை விடாமல் பெய்த வாரத்தில் அது நடந்தது. தவமணி ஏறிக்கொண்டிருந்தாள், வளைவின் மேலிருந்து வாழைத்தார் லாரி இறங்கிக்கொண்டிருந்தது, லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்பது அது வருகிற விதத்திலேயே தெரிந்தது. சின்னக் கைகள் இடுப்பை இறுக்கின, இறுக்கியவை மேலே ஏறின, முழங்கைகளைப் பற்றிக்கொண்டன, ஹேண்டில்பார் அவள் சொன்னபடி கேட்கவில்லை, வண்டி லாரியின் பக்கமே சாய்ந்தது. அப்போது தவமணி, பதினைந்து வருசமாக எந்தக் குழந்தையையும் அதட்டாத தவமணி, உயிர்ப் பயத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

“விடு! விடு பிள்ளை! இறங்கு!”

கைகள் விட்டன. லாரி அவள் தோளை உரசிக் காற்றை வீசிவிட்டுப் போய், கீழே மண்மேட்டில் முட்டி நின்றது. டிரைவர் உயிரோடு இறங்கினான். தவமணியும் உயிரோடு இருந்தாள். ஓரத்தில் நின்று அழுதாள், மூக்கைச் சிந்தினாள், அவள் வருவாள் என்று மேலே காத்திருக்கிறவர்களை நினைத்து மறுபடி வண்டியைக் கிளப்பினாள். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வளைவுகள் போய்க்கொண்டிருந்தன, யாரும் துணியைப் பிடிக்கவில்லை.

இறங்கச் சொன்னாள், பிள்ளை இறங்கிவிட்டது.

அவள் திரும்பி வந்தாள். அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, பாப்பா, ஏறிக்கோ, நான் பயத்துல சொல்லிட்டேன், ஏறிக்கோம்மா என்றாள். மழை கொட்டியது. மூங்கில் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிட்டது. எங்கேயோ கீழே, ஓடை பெருகி இரைந்தது. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தாள், பிரேக் போட்டுப் பார்த்தாள், வேண்டுமென்றே வண்டியை ஆட்டிப் பார்த்தாள். முதுகில் ஒன்றுமில்லை. இத்தனை வாரமாக எந்தக் கைகளுக்குப் பயந்தாளோ, அந்தக் கைகள் இல்லாத முதுகோடு மலை இறங்குவதைப் போல ஒரு பயத்தை அவள் அதற்கு முன்பு அறிந்ததில்லை.

ராமுத்தாயிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. “எந்த வளைவு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

செய்தி தெருவைத் தாண்டுவதற்குள் ஊர் கூடிவிட்டது. குடையோடும், சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணியோடும் ஆட்கள் நின்றார்கள். பெட்டிக்கடைக்காரர் ஒருவர்தான், ஒருவரும் கேட்கத் துணியாததைக் கேட்டார். “செத்த பிள்ளைதானப்பா. இனிமே அதுக்கு என்ன ஆயிரப் போவுது?” யாரும் அவரைக் கோபிக்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளை காட்டில் தொலைந்தால் என்னென்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், யானை, ஓடை, குளிர், பசி. செத்த பிள்ளை தொலைந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமை கூட்டத்துக்குள் குளிர்போல ஏறியது. பெட்டிக்கடைக்காரர்தான் முதலில் போய்த் தன் வண்டியை எடுத்தார்.

அப்படி மாந்துறைப்பட்டியின் வண்டிகள் எல்லாம் மழையில் மலை ஏறின, நடக்கிற வேகத்தில், ஒன்றன் பின் ஒன்றாக. பால்காரர் ஏறினார், மில்லுக்காரர் ஏறினார், ஹெட்மாஸ்டரைச் சந்தியாகு ஏற்றிக்கொண்டு வந்தார், பாலிடெக்னிக் பையன்கூட அன்று முன்னால் சாயாமல் வந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். மலையடிவாரத்துச் சோதனைச் சாவடிக் காவலர் யாரையும் எண்ணாமல் கம்பத்தைத் தூக்கிவிட்டார். தன்ஷிகா, பாப்பா, கண்ணு, ஏறிக்கோத்தா என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டுக்கொண்டே மேலே போனார்கள், கீழே வந்தார்கள், மறுபடி மேலே போனார்கள். வளைவில் நின்ற ராமுத்தாய் ஒவ்வொருவரிடமும், பிடிச்சாளா, யாரையாவது பிடிச்சாளா என்று கேட்டாள். ஒருவரையும் பிடிக்கவில்லை. பனி இறங்கத் தொடங்கியது.

தவமணி அவள் பக்கத்தில் வண்டியோடு நின்றாள். “உங்க வண்டிதானே இது. இதுலயும் ஏற மாட்டேங்குறாளே” என்றாள்.

ராமுத்தாய் அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “நான்தான் சொல்லி வளத்தேன். தெரியாதவங்க யாரு கூப்பிட்டாலும் வண்டியில ஏறக் கூடாதுன்னு. மிட்டாய் குடுத்தாலும், அம்மா கூப்பிடுறாங்கன்னு சொன்னாலும் ஏறக் கூடாதுன்னு. தினமும் சொல்லுவேன், தலை பின்னி விடும்போதெல்லாம் சொல்லுவேன்.” மேலேயும் கீழேயும் ஊர்ந்துகொண்டிருந்த வெளிச்சங்களைப் பார்த்தாள். “இங்கதான் நிக்கிறா. ஒவ்வொருத்தரும் கூப்பிடக் கூப்பிடப் பின்னாடி தள்ளித் தள்ளிப் போறா.”

அவளைத் தவமணிதான் ஊருக்குக் கொண்டுவந்தாள். மொக்கராசு வாழைக்காய் மண்டியில் தார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ராமுத்தாய் அவன் முன்னால் போய் நின்று, வா என்றாள்.

“என்னைப் பாத்தா வர மாட்டா” என்றான் அவன், நிமிராமல். “என்கூட வந்துதான…”

“உன்கிட்டதான் வருவா.”

“வந்துட்டா?” என்று அவன் கேட்டான். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டுத் தவமணி ஓரடி பின்னால் போனாள். “வந்து பிடிச்சுட்டா, நான் எப்படித்தா ஓட்டுவேன்?”

யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன்தான் எழுந்தான், எழுந்து தவமணியிடம் சாவிக்குக் கையை நீட்டினான். அவன் கால் கிக்கரைத் தேடிய விதத்தைப் பார்த்தால் அன்றுதான் முதல் தடவையாக வண்டியில் ஏறுகிறவன் என்று தோன்றியிருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் ஊர் தன் வண்டிகளை அணைத்துவிட்டு நின்றது. அவன் முதல் கியரிலேயே ஏறினான். வளைவில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

“தங்கம், அப்பா வந்திருக்கேன். பள்ளிக்கூடம் இல்ல. வீட்டுக்குத்தான். மெதுவாப் போறேன். மணலே இல்லாத பக்கமாப் போறேன்.”

மழை விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்மாஸ்டரின் வண்டி சீட்டில் சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டார், அவர் முதுகு நனைந்துகொண்டிருந்தது, மழையா வேறேதுமா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு மொக்கராசுவின் நனைந்த சட்டை இடுப்பின் இரண்டு பக்கமும் மெல்லக் குவிந்தது, முதலில் வலது, அப்புறம் இடது, இடது கொஞ்சம் மேலே ஏறி. அவன் வண்டியைத் திருப்பி இறங்கத் தொடங்கியபோது ஊர் முழுவதும் அவனுக்கு முன்னால் நடந்து போனது, சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் காலால் ஓரம் தள்ளிக்கொண்டே.

வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்திய பிறகு, இறங்கு என்கிற வார்த்தையைச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. அதனால் நாலு பேர் பிடித்து வண்டியை அப்படியே கூடத்துக்குள் ஏற்றினார்கள். பாய் விரிக்கிற இடத்தில் அது நின்றது. தவமணி சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சந்தியாகு ஹெட்மாஸ்டரை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அவளும் எடுத்துக்கொண்டாள், காலி முதுகோடு மலை ஏற அவளால் இனி ஆகாது என்று தெரிந்துவிட்டிருந்தது.

மொக்கராசு அந்த ஒரு தடவைக்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. கூடத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை சொல்வான், சீட்டைத் துடைப்பான், சாவியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மார்கழி போய், தை பிறந்து, வெயில் வந்தது. ஒரு நாள் ராமுத்தாய் தவமணியின் வீட்டுக்கு வந்தாள். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறியிருந்தாள், புதுத்துணி விறைப்பு போகாமல் நின்றது.

“எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க நர்ஸம்மா. பிள்ளை வெளிய போய் எத்தனை நாளாச்சு. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா ஏங்கிப் போயிரும்.”

“ராமுத்தாயி, நான் ஹெட்மாஸ்டர் வண்டியைக் கொண்டாரேன். முதல்ல அதுல பழகு. அப்புறமா…”

“வேற வண்டியில நான் போனா, அவ தனியா இருப்பா.”

திறப்பு விழாவுக்குக் காத்துக் கிடந்த புறவழிச்சாலையில், ஆளும் வண்டியும் இல்லாத அகலத்தில், சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராமுத்தாய் ஏறி உட்கார்ந்தாள். தவமணி கிளட்ச்சைக் காட்டினாள், பிரேக்கைக் காட்டினாள், மறுபடியும் பிரேக்கைக் காட்டினாள். சாலை முழுவதையும் தான் ஒருத்தியாகவே காலையில் வந்து பெருக்கியிருந்தும், மணல் ஏதாவது மின்னுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பார்த்து முடித்தபோது, ராமுத்தாயின் புதுச் சுடிதார் இடுப்பில் இரண்டு பக்கமும் கொத்தாகக் குவிந்திருந்தது.

“பிடிச்சுக்கிட்டா” என்றாள் ராமுத்தாய். அவள் உதடு வெளுத்திருந்தது. “நர்ஸம்மா, பிடிச்சுக்கிட்டா. இப்ப என்ன செய்யணும்?”

“மெதுவா விடு. கிளட்ச்சை மெதுவா…”

ராமுத்தாய் விட்டுவிட்டாள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, இடமும் வலமுமாக ஆடி, நேராகி, ஆடி, ஓடத் தொடங்கியது. தவமணி அதன் பின்னாலேயே ஓடினாள், செருப்பு கழன்று போனது தெரியாமல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தாங்குவதற்கு விரித்து வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவளைப் பார்க்காமல், ஒன்றுமே தெரியாத அந்தப் பின் சீட்டையே பார்த்துக்கொண்டு ஓடினாள்.